வழியில் கண்ட பாம்புகள்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைக்குப் பேருந்தில் ஏறிச் செல்வோர், சாளரத்தின் வழியே குரங்குகளையும் வெள்ளியருவியையும் மேகக் கூட்டங்களையும் கண்டு மகிழ்ந்தவாறே மேலே போய்ச் சேர்ந்துவிடுகின்றனர். அந்த வழியை ஒட்டிய ஊர்களில் நடந்து திரிவோருக்கோ வேறு சில குடிகளும் காட்சி தருவதுண்டு. கண்மாய்க் கரையிலும், வயல் வரப்பிலும், வெற்றிலைக் கொடிக்காலிலும், காப்பித் தோட்டத்திலும் நமக்கு முன்பே குடியேறி, பட்டா எதுவும் இல்லாமல் வாழ்ந்துவரும் பாம்புகளைத்தான் சொல்கிறேன்.

பாம்பைக் குறித்து எழுதினால் வீட்டுப் பெண்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்களே என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். புரட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இதில் நிறைய உண்டு. நாற்று நடுபவர்களும், விறகடுக்கில் கைவிடுபவர்களும், பிள்ளைகளுக்குப் பாய் விரித்துப் போடுபவர்களும் அவர்களே அன்றோ?

கடந்த கார்த்திகை மாதத்தில், மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் நோயுற்றிருந்த சிலரைச் சந்திக்கப் புறப்பட்டேன். துணைக்கு வந்தவர் எழுபது வயதைக் கடந்த உபதேசியார். விலங்கியல் நூல் எதையும் அவர் தொட்டதில்லை. ஆயினும் ஐம்பது ஆண்டுகள் வரப்பில் நடந்தவர். புல் அசையும் விதத்தைக் கண்டே, ஓடுவது ஓணானா, எலியா, சாரையா என்று சொல்லக்கூடியவர். மழை ஓய்ந்து கண்மாய் நிறைந்து கிடந்தது. மடையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றிருப்போம். நீரோரத்துக் கோரைப் புல்லிலிருந்து முழங்கை நீளத் தலையை உயர்த்தி ஒன்று எங்களைப் பார்த்தது. கழுத்தைச் சற்றே தட்டையாக்கிக் காட்டவும் செய்தது. அறியாதவர் கண்டால் நல்ல பாம்பு என்றே அலறியிருப்பார்கள்.

"தண்ணிப்பாம்பு சாமி. கோவக்காரப் பய. கடிப்பான், ஆனா விசம் கெடையாது" என்றார் உபதேசியார்.

நீர்க்கோலி என்றும் இதைச் சொல்வதுண்டு. மஞ்சள் கலந்த ஒலிவ நிற உடலில் சதுரங்கக் கட்டங்களைப் போலக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். கண்ணுக்குக் கீழே ஒன்றும் பின்னே ஒன்றுமாக, மை தீட்டினாற்போல் இரண்டு சாய்ந்த கறுப்புக் கோடுகள் காணப்படும். மீனும் தவளையுமே இதன் உணவு. வயலில் இறங்கி உழைப்போரை அடிக்கடி கடிப்பது இதுவே. பற்கள் பட்ட இடத்தில் இரத்தம் கசியும். சோப்பும் நீரும் கொண்டு கழுவினால் புண் ஆறிவிடும்.

இந்த எளிய பாம்பை முன்னிட்டுத்தான் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே ஊரில் சில ஆண்டுகளுக்கு முன்பு நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தியைத் தண்ணீர்ப் பாம்பு கணுக்காலில் கடித்துவிட்டது. உடனிருந்தவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து ஊரில் பாம்புக்கடிக்கு மந்திரிப்பவர் வீட்டுக்கு ஓடினார்கள். அவர் வேப்பிலை அடித்தார். ஏதோ ஒரு வேரை மெல்லக் கொடுத்தார். மிளகைக் கொடுத்து உறைக்கிறதா என்று கேட்டார். அந்திக்குள் அவள் எழுந்து நடந்து வீடு திரும்பினாள். கடித்த பாம்பை அடித்துக் கம்பில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தவர்கள் பலர். அதை உற்றுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. மந்திரிப்பவரின் புகழ் பத்து ஊர்களுக்குப் பரவியது. அந்தப் புகழ் பின்னர் என்ன செய்தது என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

கண்மாயைக் கடந்தால் அறுவடை முடிந்த சோளக்காடு. அங்கே கதிர்த் தட்டைகளிடையே ஆறடிக்குக் குறையாத சாரை ஒன்று எங்களைக் கண்டதும் மின்னலென ஓடி மறைந்தது. பகலில், திறந்த வெளியில், நீளமாகவும் விரைவாகவும் ஓடும் பாம்பைக் கண்டால் அது பெரும்பாலும் சாரையாகவே இருக்கும். பெரிய வட்டக் கண்களும், சற்றுக் கூரிய தலையும், உதட்டுச் செதில்களுக்கிடையே மையால் கிழித்தாற்போன்ற கறுப்புக் கோடுகளும், உடலின் பிற்பகுதியில் வாலை நோக்கிச் செல்லும் கறுப்புப் பட்டைகளும் இதன் அடையாளங்கள். நல்ல பாம்போ படம் விரிக்காத வேளையில் ஏறக்குறைய இதே நிறத்தில் தோன்றும். ஆனால் அதன் தலை அகன்று மழுங்கியிருக்கும். இவ்வளவு விரைவும் அதற்கு இராது. ஓடும் பாம்பில் உதட்டுக் கோட்டை யார் எண்ண முடியும் என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் பத்தடி தள்ளி நின்று பார்ப்பதே முதல் பாடம். வழியடைத்து நெருங்கினால் சாரையும் சீறும். கழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கி உறுமவும் செய்யும்.

சாரையைப் பற்றி நம் மக்களிடையே வழங்கும் கதைகள் கொஞ்சமல்ல. சாரைதான் ஆண், நல்ல பாம்புதான் பெண், இரண்டும் பிணையும் என்பது ஒன்று. இரண்டு பாம்புகள் நெடுநேரம் முறுக்கிக்கொண்டு எழுந்து நிற்பதைக் கண்டவர்கள் புதுத்துணி போர்த்தி வணங்குவதும் உண்டு. அங்கே நிகழ்வது திருமணமன்று, சண்டை! இரண்டு ஆண் சாரைகள் ஒன்றையொன்று தரையில் அழுத்தி வலிமையைச் சோதித்துக்கொள்ளும் மல்யுத்தம் அது. கடிப்பதுகூட அரிது, தோற்றது விலகிப் போய்விடும். வாலில் நஞ்சு உண்டு, வாலால் அடித்தால் மாடு சாகும் என்பது இன்னொரு கதை. பசுவின் மடியில் பால் குடிக்கும் என்பது மூன்றாவது. பாம்பின் வாய்க்கு உறிஞ்சும் அமைப்பே கிடையாது. உள்நோக்கி வளைந்த ஊசிப் பற்களை மடியில் பதித்தால் எந்தப் பசு பொறுத்துக்கொண்டு நிற்கும்?

சாரை தின்பது பெரும்பாலும் எலியையும் தவளையையும். நெற்குதிர் உள்ள வீட்டைச் சுற்றிச் சாரையை அடித்துத் தீர்த்தால் எலி பெருகும். எலி பெருகினால் அதைத் தேடி நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும். ஒரு காலத்தில் இதன் தோலுக்காகவே இலட்சக்கணக்கில் பிடித்துக் கொன்று வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் வந்த ஏற்றுமதித் தடையும் அந்த வாணிபத்தை நிறுத்தின. அதனால் பிழைப்பிழந்த இருளர் மக்கள், 1978-இல் செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து மருந்து செய்யக் கொடுக்கும் தொழிலுக்கு மாறினார்கள். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பள்ளிக்கூடம் கற்றுத்தராத ஓர் அறிவுக்குக் கிடைத்த பெருமை அது.

சோளக்காட்டை அடுத்த செம்மண் மேட்டில் கடலை பறித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். மண்வெட்டி புரட்டிய மண்ணில் குறுகிப் பருத்த பாம்பொன்று சோம்பிக் கிடந்தது. "விரியன் சாமி, கிட்ட வராதீங்க" என்றார் ஒரு பெரியவர், ஓங்கிய மண்வெட்டியோடு. உபதேசியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அது மண்ணுளிப் பாம்பு. அதிலும் உடலெங்கும் திட்டுத் திட்டாகக் கறை படிந்த வகை. கண்ணாடி விரியன் என்று எண்ணி இதை அடித்துக் கொல்லாத ஊரே இல்லை எனலாம். கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலிக் கண்ணிகள் போன்ற நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசைகளில் ஒழுங்காக அமைந்திருக்கும். தலை பெரிதாய் முக்கோணமாக, கழுத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து தோன்றும். நெருங்கினால் குக்கர் சத்தமிடுவதுபோல் உரக்கச் சீறும். மண்ணுளியின் கறைகளோ ஒழுங்கின்றி ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். தலைக்கும் கழுத்துக்கும் வேறுபாடு அதிகமிராது. வால் மிகக் குட்டையாக, சொரசொரப்பாக முடியும்.

இதன் உறவான செம்மண் நிற மண்ணுளிக்கு வாலும் தலைபோலவே மழுங்கியிருப்பதால் 'இருதலை மணியன்' என்று பெயர். அது நக்கினால் குட்டம் வரும் என்று ஒரு தலைமுறை அஞ்சியது. அடுத்த தலைமுறையோ, அதை வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்று இலட்சக்கணக்கில் விலை பேசுகிறது! பாம்பு என்னவோ இரண்டையும் அறியாமல் எலிக்குஞ்சைத் தேடி மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இதைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம் என்பதை நம் இளைஞர்கள் நினைவில் கொள்ளட்டும். ஏமாந்து பணமிழந்தவர்கள் காவல் நிலையத்துக்குப் போகவும் முடியாமல் தவிப்பதை நான் அறிவேன்.

கண்ணாடி விரியனைக் குறிப்பிட்டபோது பாட்ரிக் ரசல் நினைவுக்கு வருகிறார். அப்பாம்பின் ஆங்கிலப் பெயரில் இன்றும் நிலைத்திருப்பவர் இவரே. ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவரான இவர் விசாகப்பட்டினத்தில் தங்கி, சோழமண்டலக் கரையில் கிடைத்த பாம்புகளைச் சேகரித்து, 1796-இல் வண்ணப் படங்களோடு ஒரு பெரிய நூலை வெளியிட்டார். எது நஞ்சுடையது, எது நஞ்சற்றது என்பதைப் பொதுமக்களே பிரித்தறிய ஒரு வழி காண வேண்டும் என்பதே அவரது ஆவல். இரு நூற்றாண்டுகள் கடந்தும் அதற்கு ஒற்றை வாய்பாடு கிடைக்கவில்லை. தலை முக்கோணமாக இருந்தால் நஞ்சு என்பார்கள். நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் முக்கோணத் தலை இல்லை. பளபளப்பான நிறம் ஆபத்து என்பார்கள். கண்ணாடி விரியன் காய்ந்த சருகின் நிறத்தில் கிடக்கிறது. இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உள்ளன. அத்தனையையும் ஒரு விதிக்குள் அடக்க இயலாது. நம் ஊரில், நம் காட்டில் உள்ள பத்துப் பன்னிரண்டு வகைகளை ஒவ்வொன்றாக, அண்டை வீட்டாரை அறிவதுபோல் அறிந்துகொள்வதே நடக்கக்கூடிய காரியம்.

இருட்டும் வேளையில் ஊருக்குள் சென்றோம். நான் தங்கிய வீட்டின் ஓட்டுக் கூரைக்கடியில், விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பல்லிகளைத் தேடிச் சுவரில் ஊர்ந்து வந்தது ஒரு சிறு பாம்பு. பழுப்பு உடலில் வெளிர் மஞ்சள் பட்டைகள். வெள்ளிக்கோல் வரையன் என்று நூல்களில் இதற்குப் பெயர். ஊர் மக்கள் விரியன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பல்லி தின்று வாழும் நஞ்சற்ற பாம்பு இது. ஆயினும் இதைப் பற்றி எழுதும்போது என் பேனா தயங்குகிறது. ஏனெனில் கட்டுவிரியனும் இரவில்தான் வரும். அதுவும் வீட்டுக்குள் நுழையும். அதன் உடலிலும் பட்டைகள் உண்டு.

வேறுபாடு இதுதான். வெள்ளிக்கோல் வரையனின் பட்டைகள் கழுத்திலேயே தொடங்கி, முன்புறம் அகன்றும் தெளிவாகவும், வாலை நோக்கிச் செல்லச் செல்ல மங்கியும் இருக்கும். கட்டுவிரியனோ எண்ணெய் தடவியதுபோல் மின்னும் கருமை நிறமுடையது. அதன் மெல்லிய வெண்ணிறப் பட்டைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக அமைந்து, கழுத்தைத் தாண்டிச் சற்றுத் தள்ளித் தொடங்கி, வாலை நோக்கித் தெளிவு பெறும். ஒன்று முன்னே தெளிவு, மற்றது பின்னே தெளிவு. சுவரேறிப் பல்லி பிடிப்பது முன்னது. தரையோடு தரையாய் வருவதே பின்னதன் பெருவழக்கம். இவ்வளவும் சொன்ன பிறகும் ஒன்று சொல்வேன்: இரவில், கைவிளக்கின் வெளிச்சத்தில், பட்டை போட்ட பாம்பைக் கண்டு, 'இது நஞ்சற்றதுதான்' என்று எவரும் தீர்ப்பு வழங்கிவிட வேண்டாம். பிள்ளைகளை வெளியே கொண்டுபோய்விட்டு, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லி அனுப்புங்கள்.

அந்த ஊரில் அன்றிரவு என்னால் எளிதில் உறங்க முடியவில்லை. தண்ணீர்ப் பாம்பு கடித்த பெண் பிழைத்த மறு ஆண்டு, அதே தெருவில், தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒன்பது வயதுச் சிறுவன் நள்ளிரவில் வயிறு வலிக்கிறது என்று எழுந்தான். வாந்தி எடுத்தான். கண்ணிமைகள் தாமாகவே சரிந்தன. கடித்த தடமே தெரியவில்லை. கட்டுவிரியனின் பற்கள் அவ்வளவு சிறியவை. கடி வலிப்பதுகூட இல்லை. பாயின் அடியில் பாம்பைக் கண்ட பிறகே என்ன நேர்ந்தது என்று புரிந்தது. அரசு மருத்துவமனை பன்னிரண்டு கிலோமீட்டர். மந்திரிப்பவர் வீடு மூன்று கிலோமீட்டர். "போன வருசம் அவ பொழைச்சாளே!" என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சொல்லே வழியைத் தீர்மானித்தது. வேப்பிலை அடித்துக்கொண்டிருக்கும்போதே பையனுக்கு மூச்சுத் திணறியது. விடியுமுன் முடிந்துவிட்டது. அடக்கத் திருப்பலியை நான்தான் நிறைவேற்றினேன். சின்னஞ்சிறு பெட்டி. அந்தத் தாய்க்கு நான் சொன்ன ஆறுதல் எதுவும் இன்று என் நினைவில் இல்லை, அவள் கேட்ட ஒரே கேள்வி மட்டும் நினைவிருக்கிறது: "அவளக் கடிச்சதும் பாம்புதானே, சாமி?"

ஆம், இரண்டும் பாம்புதான். நஞ்சற்ற பாம்பின் கடியைக் 'குணப்படுத்தி'த்தான் ஊர்தோறும் மந்திரிப்பவர்கள் பெயர் வாங்குகிறார்கள். நஞ்சுள்ள பாம்புகூடச் சில வேளைகளில் நஞ்சை இறக்காமல் வெறுமனே கடித்துவிட்டுப் போவதுண்டு. அந்தப் புகழும் அவர்களையே சேருகிறது. கடித்தது தண்ணீர்ப் பாம்பு என்று அன்று ஒருவர் உரக்கச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் தன் வீட்டிலேயே பிழைத்திருப்பாள். மந்திரிப்பவரும் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாம்பைப் பெயர் சொல்லி அறிவது பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து அரசு மருத்துவமனைகளில் உண்டு. கடித்த இடத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கேடே விளைவிக்கும். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108 ஊர்தியிலோ கிடைத்த வண்டியிலோ நேரே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை; மருத்துவர் உடலின் அறிகுறிகளைக் கண்டே சிகிச்சை செய்வார். வீட்டில் கட்டில் இல்லாவிட்டாலும் கொசுவலை ஒன்று வாங்கி, அதன் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிவிட்டால் கட்டுவிரியன் அண்டாது. கொசுவும் கடிக்காது, ஒரு செலவில் இரண்டு காவல்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் ஞானோபதேசப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். முதல் நாள் நாங்கள் மண்ணுளியைக் காப்பாற்றிய கதை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. ஒரு பொடியன் பீடத்தருகில் இருந்த அமலோற்பவ மாதா சுரூபத்தைச் சுட்டிக்காட்டி, "சாமி, மாதா மிதிச்சிருக்கிறது சாரையா, நல்லதா?" என்று கேட்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பச்சை வண்ணம் பூசி, கறுப்புப் புள்ளி வைத்து, வாயில் ஆப்பிள் பழத்தையும் கொடுத்திருந்தார் சிற்பி. அப்படியொரு பாம்பு எந்த நாட்டிலும் இல்லை என்றேன். அது சாத்தானின் அடையாளம். தோட்டத்தில் எலி பிடிக்கும் சாரைக்கும் அதற்கும் உறவில்லை என்றும் சொன்னேன். தொடக்க நூலில் பாம்பும் ஆண்டவர் படைத்த காட்டுயிர்களில் ஒன்றாகவே வருகிறது. நம் ஆண்டவரோ சீடர்களுக்கு விவேகத்துக்கு மாதிரியாகவே அதைக் காட்டினார். பொடியனுக்கு முழு நிறைவு இல்லை. "அப்ப அது என்ன ஜாதிப் பாம்புதான் சாமி?" என்று கேட்டுக்கொண்டே போனான்.

மலையை நோக்கிச் செல்லும் வழியில் வெற்றிலைக் கொடிக்கால்கள். அகத்தி மரங்களில் கொடியேற்றி, இடையே வாய்க்கால் ஓடவிட்டு, உச்சி வெயிலிலும் குளிர்ந்து கிடக்கும் இடம். உள்ளே நுழைந்ததும் கொடிக்கால்காரர், "குனிஞ்சு வாங்க சாமி, கண்கொத்திப் பாம்பு கெடக்கு" என்றார். வெற்றிலைக் காம்புகளுக்கிடையே அது தொங்கியது. விரல் பருமனில், இளம்பச்சை நிறத்தில், கூர்த்து நீண்ட மூக்குடன், காற்றில் ஆடும் கொடிபோல் தானும் இலேசாக ஆடிக்கொண்டு! அதன் கண்பாவை படுக்கைவாட்டில் ஒரு கோடுபோல் இருக்கும். வேறு பாம்புகளில் இதைக் காண்பது அரிது. தொலைவைச் சரியாக மதிப்பிட்டு ஓணான்மேல் பாய அந்தக் கண் உதவுகிறது. மனிதர் கண்ணைத் தேடிக் கொத்தும் என்பது வீண்பழி. கடைவாயில் உள்ள பற்களில் சிறிது நஞ்சு உண்டு. ஓணானுக்கும் தவளைக்கும் அது போதும். மனிதருக்குக் கடித்த இடத்தில் சற்று வீக்கம் காணலாம், உயிருக்கு ஆபத்தில்லை. தென்னிந்தியாவில் ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட இப்பச்சைப் பாம்பில் உண்மையில் பல இனங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் 2020-இல்தான் பிரித்துக் காட்டினார்கள். அறிஞர்களே இன்னும் அடையாளம் கண்டுகொண்டிருக்கும்போது கொடிக்கால்காரரைக் குறை சொல்வானேன்?

அருகில் புளியமரக் கிளையில் கொம்பேறி மூக்கன் ஒன்று வெயில் காய்ந்தது. முதுகு நெடுக வெண்கலத் தகடு பதித்தாற்போன்ற நிறம். சினந்து கழுத்தை உப்பினால் செதில்களுக்கிடையே நீலம் தெரியும். கடித்தவனைச் சுடுகாட்டில் எரிக்கும் புகையைக் காண மரமேறிக் காத்திருக்கும் என்று தமிழ்நாட்டில் எந்தப் பாட்டியும் சொல்லாமல் இருந்ததில்லை. இதனிடம் நஞ்சே இல்லை. இது காத்திருந்தால் காலமெல்லாம் காத்திருக்க வேண்டியதுதான்.

மலை ஏறத் தொடங்கினால் அடிவாரத்தில் கற்ற பாடத்தை அப்படியே எடுத்துச்செல்லக் கூடாது. கீழே பச்சை நிறம் அச்சமற்றது. மேலே, காப்பித் தோட்டங்களிலும் சோலைக் காடுகளிலும் பச்சை நிறக் குழிவிரியனும் உண்டு. அது கொடிபோல் மெலிந்ததன்று; தடித்த உடல், அகன்ற முக்கோணத் தலை, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சிறு குழி. புதரில் அசையாமல் சுருண்டிருக்கும். காப்பிப் பழம் பறிக்கும் கைகள் தெரியாமல் அதைத் தொட்டுவிடுகின்றன. கடித்தால் இறப்பது அரிதாயினும் வலியும் வீக்கமும் கடுமை. தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மலைத்தோட்டத்துப் பெண்கள் செடியைக் கம்பால் ஒருமுறை தட்டிவிட்டுப் பழம் பறிப்பதைக் கண்டேன். எவரும் எழுதிவைக்காத நல்ல விதி.

வெள்ளியருவியைக் கடந்து செண்பகனூரை அடைந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. சேசு சபைத் துறவிகள் 1895-இல் தொடங்கிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இங்கேதான் உள்ளது. அவர்கள் பழனி மலைகளில் திரிந்து செடியும் பூச்சியும் பறவையும் விலங்குமாகச் சேகரித்தவற்றினிடையே பாம்புகளும் உண்டு. எனினும் பாம்பை அடையாளம் காணக் கண்ணாடிப் புட்டியை மட்டும் நம்பலாகாது. சாராயத்தில் கிடக்கும் பச்சைப் பாம்பு நாளடைவில் மஞ்சட்சாயம் கரைந்து நீலமாகிவிடும். உயிரோடு கொடியில் ஆடும்போது பார்த்தவனுக்கே அது பச்சை.

அன்று மாலை மழை நின்றபின் உருளைக்கிழங்குத் தோட்டத்தை ஒட்டிய பாதையில் நடந்தபோது, தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் கொத்தின் நுனியில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தார். "மண்புழுப் பாம்பு சாமி" என்றார். ஒரு சாண் நீளம், பளபளக்கும் கருமை, எது தலை, எது வால் என்று முதலில் தெரியவில்லை. உற்று நோக்கியபோதுதான் கூர்மையான முனை தலை என்பதும், அரிவாளால் சாய்வாகச் சீவியதுபோல் தட்டையாகிக் கரடுமுரடாக மண் ஒட்டியிருந்த முனை வால் என்பதும் புலப்பட்டன. கேடயவால் பாம்பு! இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இந்தக் குடும்பம் இல்லை. மதராஸ் மாகாண வனத்துறையில் பணியாற்றிய ரிச்சர்டு ஹென்றி பெடோம் 1863-இல் இம்மலைப் பாம்பு ஒன்றை உலகுக்கு அறிவித்தபோது பழனி மலையின் பெயரையே அதற்குச் சூட்டினார். மண்ணுக்குள் வாழ்ந்து, மண்புழுவைத் தின்று, முட்டையிடாமல் குட்டி ஈனும் உயிர் இது. கடிப்பதற்குக்கூட வாயைத் திறப்பதில்லை. வளையை வாலால் அடைத்துக்கொள்வது ஒன்றே இதன் தற்காப்பு. மழையில் வளை நிறைந்தால் பாதைக்கு வந்து, வண்டிச் சக்கரங்களின்கீழ் நூற்றுக்கணக்கில் நசுங்குகிறது.

"இத எதுக்கு சாமி அடிக்கணும்? நம்மளப் போல மண்ணக் கிண்டிப் பொழைக்கிறது" என்று சொல்லிவிட்டு, அந்த மனிதர் பாதையோரத்து ஈரமண்ணில் கொத்தைச் சாய்த்தார். கூரிய தலை மண்ணைத் தொட்டது. உடல் ஒரு முறை நெளிந்தது. பிறகு மெல்ல மெல்ல உள்ளே சென்றது. கடைசியாக அந்தச் சீவிய வால் சிறிது நேரம் மண்ணோடு மண்ணாய்த் தெரிந்து, அதுவும் மறைந்தது.